சென்சார் அளவீடு தாறுமாறாக வந்தால் எங்கிருந்து தேடுவது?

அறையின் வெப்பத்தை 27 டிகிரி என்று ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்த சென்சார் திடீரென்று 85 என்கிறது. அடுத்த அளவீட்டில் மறுபடி 27. டிரைவர், அதாவது சென்சாரோடு பேசி அளவீட்டை எடுத்துத் தரும் நிரல், எழுதத் தொடங்கும் பலரும் இந்த இடத்தில் பத்து அளவீடுகளின் சராசரியை எடுத்து மேலே அனுப்பிவிடுகிறார்கள். ஒன்பது 27-உம் ஒரு 85-உம் சேர்ந்தால் சராசரி 32.8. பார்ப்பவருக்கு அது நம்பக்கூடிய எண்ணாகத் தெரியும். பிழையோ உள்ளே அப்படியே இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய 85 என்ற தடயம் மட்டும் அழிந்துபோனது.

அந்த 85 ஏதோ ஒரு எண் இல்லை. டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சாருக்கு மின்சாரம் கிடைத்தவுடன் அதன் வெப்ப ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் மதிப்பை வைத்திருக்கும் சிறு நினைவிடம்) இருக்கும் தொடக்க மதிப்பு 85 டிகிரி. அதைப் படித்தீர்கள் என்றால், சென்சார் அளந்து முடிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். அல்லது நடுவில் மின்னழுத்தம் சரிந்து சென்சார் மறுபடி தொடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் தீர்வு உண்டு, இரண்டுமே சராசரியால் தீராதவை. ஆகவே இந்த வழிகாட்டியில் வடிகட்டி, அதாவது சராசரி போன்ற இரைச்சல் நீக்கும் கணக்கு, கடைசியில்தான் வரும். அதற்கு முன் எண் எந்த இடத்தில் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மூல எண்ணைப் பிடித்து வையுங்கள்

பஸ்ஸிலிருந்து, அதாவது சென்சாரையும் கட்டுப்படுத்தும் சிப்பையும் இணைக்கும் கம்பிகளிலிருந்து, பைட்கள் வந்து சேரும் இடத்திலேயே அவற்றைப் பதிவு செய்யுங்கள். கணக்குப் போட்டு முடித்த டிகிரி மதிப்பைப் பதிவு செய்தால் பாதித் தகவல் போய்விடும். ஒவ்வொரு பதிவிலும் படித்த நேரம், வந்த பைட்கள், பஸ் செயல்பாடு திருப்பித் தந்த நிலைக் குறியீடு, அந்தக் கணத்தில் சாதனத்தில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்ற நான்கும் இருக்கட்டும். மோட்டார் ஓடியதா, ரேடியோ அனுப்பிக்கொண்டிருந்ததா, திரை எரிந்ததா? இந்தக் கடைசி விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பல நேரம் விடை அங்கேதான் இருக்கும்.

இதில் ஒரு கவனம் தேவை. 115200 பாட் வேகத்தில் சீரியல் வழியாக ஓர் எழுத்து போக ஏறக்குறைய 87 மைக்ரோநொடி ஆகும். 60 எழுத்து வரி என்றால் 5 மில்லிநொடிக்கு மேல். இந்தத் தாமதமே சிக்கலை மறைத்துவிடலாம். பிரின்ட் போட்டதும் அளவீடு சரியாகி, எடுத்ததும் மறுபடி கெட்டால், நேரம் சார்ந்த பிழை என்ற சந்தேகம் உறுதியாகிறது. பதிவுகளை நினைவகத்தில் ஒரு சுழல் பஃபரில் (நிரம்பியதும் பழையதன்மேல் எழுதும் இடம்) சேர்த்து வைத்து, ஓய்வான நேரத்தில் வெளியே அனுப்புவதே நல்லது.

அடுத்து, நீங்கள் பேசுவது நீங்கள் நினைக்கும் சென்சாரோடுதானா என்று பாருங்கள். பெரும்பாலான டிஜிட்டல் சென்சார்களில் அடையாள ரெஜிஸ்டர் ஒன்று உண்டு. வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் அளக்கும் பிஎம்இ280 அதில் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 60 என்று சொல்லும். ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280 ஹெக்ஸ் 58 என்று சொல்லும். இரண்டும் ஒரே முகவரிகளில் இருக்கும், வெப்பமும் அழுத்தமும் இரண்டிலும் சரியாக வரும். அதனால் ஈரப்பதம் ஏன் வரவில்லை என்று தேடித் தேடி நாள் போகலாம். டிரைவர் தொடங்கும்போதே அடையாளத்தைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் தொடங்க மறுக்கட்டும்.

கெட்ட எண் எப்படி இருக்கிறது?

கெட்டுப்போன எண்களுக்கு முகம் உண்டு. பதிவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முகத்தை அடையாளம் காண்பதே இந்த வேலையில் முக்கியமான திறமை என்று நான் நினைக்கிறேன்.

எல்லா பிட்களும் ஒன்றாக வந்தால், அதாவது 16 பிட்டில் 65535, குறியோடு படித்தால் கழித்தல் 1, கம்பியில் யாரும் பேசவில்லை என்று பொருள். கம்பியை மின்வழங்கியோடு இணைக்கும் புல்-அப் மின்தடை அதை உயர் மின்னழுத்தத்தில் பிடித்திருக்க, டிரைவர் அதையே தரவாக எடுத்துக்கொண்டது. டிஎஸ்18பி20-இல் இது கழித்தல் 0.0625 டிகிரியாகத் தெரியும். குளிர்ந்த இடத்தில் வைத்த சென்சாரென்றால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

எல்லாம் பூஜ்ஜியமாக வந்தால் கம்பி கிரவுண்டோடு ஒட்டியிருக்கலாம். அல்லது சென்சார் உறங்கிக்கொண்டிருக்கலாம். எம்பியு6050 என்ற முடுக்கமானி மின்சாரம் கிடைத்ததும் உறக்க நிலையில்தான் இருக்கும். அடையாள ரெஜிஸ்டர் சரியாகப் பதில் சொல்லும், முடுக்க மதிப்புகள் மட்டும் பூஜ்ஜியமாகவே நிற்கும். மின் மேலாண்மை ரெஜிஸ்டரில் உறக்க பிட்டை அணைத்தால்தான் அது அளக்கத் தொடங்கும். பூஜ்ஜியங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டிஎஸ்18பி20 பயன்படுத்தும் 8 பிட் சிஆர்சி (பைட்கள் கெடாமல் வந்தனவா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்), எட்டு பைட்களும் பூஜ்ஜியம் என்றால் பூஜ்ஜியமாகவே வரும். எனவே கம்பி கிரவுண்டில் ஒட்டிப்போய் ஒன்பது பைட்களும் பூஜ்ஜியமாக வந்தால் சிஆர்சி சோதனை தேறிவிடும், உங்கள் டிரைவர் 0 டிகிரி என்று அறிவிக்கும். முழுப் பூஜ்ஜியத்தைத் தனியாகச் சோதித்து நிராகரிப்பது அவசியம்.

மதிப்பு திடீரென்று சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ ஆனால் ஒரு பிட் நகர்ந்திருக்கிறது. எஸ்பிஐ என்ற பஸ் வகையில் கடிகாரத் துடிப்பின் எந்த விளிம்பில் தரவைப் படிப்பது என்ற முறை பொருந்தாதபோது இப்படி நடக்கும். நான்கு முறைகளில் சென்சாருக்கு எது என்று டேட்டாஷீட்டின் (தயாரிப்பாளரின் விவரக் குறிப்பு) நேர வரைபடத்தில் பாருங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சரியாக வருவதைத் தேர்ந்தெடுப்பது நல்லதல்ல. தவறான முறை கூடச் சில வேகங்களில் ஓரளவுக்கு வேலை செய்வதுபோலத் தோன்றும்.

மெல்ல மாற வேண்டிய எண் 256-இன் மடங்குகளில் குதித்தால் பைட்களின் வரிசையைச் சந்தேகியுங்கள். எப்போதாவது ஒருமுறை மட்டும் அப்படிக் குதித்தால் பகிர்ந்த மாறியைச் சந்தேகியுங்கள். இரண்டைப் பற்றியும் பின்னால் விரிவாக வருகிறது. எண் சிறிதும் அசையாமல் உறைந்து நின்றால், சென்சார் புதிதாக அளக்கவில்லை, அல்லது நடுவில் ஏதோ ஒன்று பழைய மதிப்பையே தருகிறது. உண்மையான சென்சாரின் கடைசி பிட் கொஞ்சமாவது ஆடும். அசையாத எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம்.

உண்மை மதிப்பைச் சுற்றிச் சிறிதாக, இரு பக்கமும் ஒரே அளவில் ஆடும் எண் ஒன்றுதான் வடிகட்டிக்குரிய வேலை.

மின்சாரமும் கம்பியும்

மென்பொருள் எழுதுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக விரும்புவார்கள். தாண்டாதீர்கள். அளவீடு தவறும் அதே கணத்தில் சென்சாரின் மின் முனைகளில் நேராக அளந்து பாருங்கள். போர்டின் மறுமுனையில் அளந்தால் பயனில்லை. மல்டிமீட்டர் ஒரு மில்லிநொடி சரிவைக் காட்டாது, சராசரியையே காட்டும். ஆசிலோஸ்கோப் இருந்தால் ரேடியோ அனுப்பும் கணத்தையோ மோட்டார் கிளம்பும் கணத்தையோ பிடிக்கலாம். இல்லையென்றால் அந்த மோட்டாரையும் ரேடியோவையும் அணைத்துவிட்டு அளவீட்டை ஒப்பிடுங்கள். கருவி இல்லாமலேயே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை இது. சென்சாரின் மின் முனைகளுக்கு ஒட்டி 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அனலாக் சென்சாரில் கிரவுண்ட் கம்பி பெரிய சிக்கலைத் தரும். பத்தில் ஒரு ஓம் மின்தடை உள்ள கிரவுண்ட் கம்பியை மோட்டாரும் சென்சாரும் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். மோட்டார் 1 ஆம்பியர் இழுத்தால் அந்தக் கம்பியில் 100 மில்லிவோல்ட் எழும். 3.3 வோல்ட், 12 பிட் ஏடிசி-யில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) ஓர் எண்ணிக்கை ஏறக்குறைய 0.8 மில்லிவோல்ட், அதாவது சென்சார் எதுவும் சொல்லாமலேயே அளவீடு 124 எண்ணிக்கை நகரும். எந்த நிரலாலும் இதை நேர்மையாகத் திருத்த முடியாது. சென்சாருக்குத் தனி கிரவுண்ட் கம்பி இழுத்து, மின்வழங்கியின் அருகில் ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும்.

ஏடிசி-க்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் ஒவ்வொரு முறையும் சென்சாரிலிருந்து நிரம்ப வேண்டும். சென்சார் பக்கத்து மின்தடை அதிகமாக இருந்தால் நேரம் போதாமல் முந்தைய சேனலின் (உள்ளீட்டு முனையின்) மதிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு சேனலை மாற்றினால் பக்கத்துச் சேனலும் அசைகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ஏவிஆர் வகைச் சிப்களுக்கு மூல மின்தடை 10 கிலோஓம் அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது என்று டேட்டாஷீட் சொல்கிறது. மாதிரி எடுக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். சேனல் மாறியபின் முதல் அளவீட்டை எறிந்துவிட்டு இரண்டாவதை எடுத்துப் பாருங்கள். பிழை குறைந்தால் காரணம் பிடிபட்டது. முதல் தலைமுறை ஈஎஸ்பி32-இல் இன்னொன்று: வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசி-யின் முனைகளைப் பயன்படுத்த முடியாது. சென்சாரை முதல் ஏடிசி-யின் முனைக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஐ2சி பஸ்

ஐ2சி என்பது பல சிப்கள் ஒரு தரவுக் கம்பியையும் ஒரு கடிகாரக் கம்பியையும் பகிர்ந்துகொள்ளும் பஸ். அதில் யாரும் கம்பியை மேலே தள்ளுவதில்லை. எல்லோரும் கீழே இழுக்க மட்டுமே செய்வார்கள், மேலே தூக்குவது புல்-அப் மின்தடை. கம்பியின் கெப்பாசிட்டன்ஸ் அதிகமானால் மேலே ஏறும் நேரம் நீளும். 100 கிலோஹெர்ட்ஸில் 1000 நானோநொடியும் 400 கிலோஹெர்ட்ஸில் 300 நானோநொடியும்தான் அனுமதி. ஏறும் நேரத்தைக் கணக்கிட மின்தடையையும் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கி 0.847-ஆல் பெருக்குங்கள். 4.7 கிலோஓம், 200 பிகோஃபாரட் என்றால் ஏறக்குறைய 800 நானோநொடி. இந்த பஸ் 100 கிலோஹெர்ட்ஸில் சரியாக ஓடும், 400-இல் எப்போதாவது ஒரு பிட்டைத் தவறவிடும். "மேசையில் வேலை செய்தது, நீளமான கம்பியில் கெட்டது" என்ற புகாருக்கு வழக்கமான விளக்கம் இது. முதலில் வேகத்தை 100-க்குக் குறைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் மின்தடையைக் குறைக்க வேண்டுமா, கம்பியைச் சுருக்க வேண்டுமா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

மின்தடையைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. தயாராக விற்கும் மாட்யூல்கள் பலவற்றில் புல்-அப் ஏற்கெனவே இருக்கும். 4.7 கிலோஓம் கொண்ட நான்கு மாட்யூல்களை ஒரே பஸ்ஸில் சேர்த்தால் மொத்தம் 1.2 கிலோஓம்தான். 5 வோல்ட் பஸ்ஸில் 3 மில்லிஆம்பியர் மட்டுமே இழுக்கக்கூடிய சிப்பால் அப்போது கம்பியைப் போதிய அளவு கீழே கொண்டுவர முடியாது.

எழுதும் மென்பொருளில் முகவரிக் குழப்பம் அடிக்கடி வரும். சில டேட்டாஷீட்கள் 7 பிட் முகவரியைத் தரும், சில அதை ஓரிடம் நகர்த்தி, படிப்பதா எழுதுவதா என்ற பிட்டோடு 8 பிட்டாகத் தரும். 104 என்ற முகவரி 208 என்று அச்சாகியிருந்தால் இதுதான் காரணம்.

சாதனம் மறுதொடக்கம் ஆனபின் பஸ்ஸே செத்துப்போனதுபோல நின்றால், சென்சார் ஒரு பைட்டை அனுப்பும் நடுவில் கட்டுப்படுத்தி மறுதொடக்கம் ஆகியிருக்கிறது. சென்சார் இன்னும் தரவுக் கம்பியைக் கீழே பிடித்துக்கொண்டு அடுத்த கடிகாரத் துடிப்புக்காகக் காத்திருக்கிறது. கடிகார முனையைச் சாதாரண வெளியீடாக மாற்றி ஒன்பது துடிப்புகள் வரை கொடுத்து, தரவுக் கம்பி விடுபட்டதும் நிறுத்தக் குறியை அனுப்புங்கள். இந்த மீட்பு வழி டிரைவரின் தொடக்கப் பகுதியில் எப்போதும் இருக்க வேண்டும். பஸ் நின்றபின் அதை எழுத நேரம் இருக்காது.

காத்திருக்க வேண்டிய நேரம்

டிஎஸ்18பி20 12 பிட் துல்லியத்தில் அளக்க 750 மில்லிநொடி வரை எடுக்கும். 9 பிட்டில் 94 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். டிஎச்டி22 என்ற ஈரப்பத சென்சாரை இரண்டு நொடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது. இந்த எண்களை டேட்டாஷீட்டின் "அதிகபட்சம்" என்ற நெடுவரிசையிலிருந்து எடுங்கள். "வழக்கமானது" என்ற நெடுவரிசையிலிருந்து எடுத்தால் உங்கள் மேசையில் இருக்கும் சென்சாருக்குச் சரியாக இருக்கும், ஆயிரத்தில் ஒன்றுக்குத் தவறும். அளந்து முடிந்ததா என்று சொல்லும் நிலை பிட் இருந்தால் அதைக் கேளுங்கள், அதற்கும் ஒரு நேர எல்லை வையுங்கள்.

அமைப்புகளை எழுதும் வரிசையும் முக்கியம். பிஎம்இ280-இல் ஈரப்பத அமைப்பை மாற்றினால் அது உடனே நடைமுறைக்கு வராது. அளவீட்டுக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரை அதன்பின் எழுதினால்தான் வரும். வரிசையை மாற்றி எழுதிய டிரைவரில் எல்லா ரெஜிஸ்டரிலும் சரியான மதிப்பு இருக்கும், ஈரப்பதம் மட்டும் வராது. அதே சென்சாரில் அளவீடுகளை ஒவ்வொரு பைட்டாகத் தனித்தனியே படித்தால், நடுவில் புதிய அளவீடு முடிந்து பழைய மேல் பைட்டும் புதிய கீழ் பைட்டும் கலந்துவிடும். ஒரே தொடர் வாசிப்பில் எல்லாவற்றையும் எடுங்கள்.

பிட்களைச் சரியாகப் பொருள்கொள்வது

பஸ் சரி, பைட்களும் சரி, ஆனாலும் எண் தவறு என்றால் கணக்கில்தான் பிழை. சென்சாரைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே கொண்டுபோய்ப் பாருங்கள். ஓர் எண்ணிக்கை 0.0625 டிகிரியாக உள்ள 12 பிட் வெப்ப சென்சாரில் கழித்தல் 25 டிகிரி 3696 என்று வரும். குறி பிட்டைக் கவனிக்காத டிரைவர் அதை 231 டிகிரி என்று சொல்லும். அறை வெப்பத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை வெளியே வராது. ஐஸ் கட்டிகள் மிதக்கும் நன்கு கலக்கிய நீர் 0 டிகிரிக்கு எளிய சான்று. முடுக்கமானியென்றால் தட்டையாக வைத்து, பிறகு தலைகீழாகத் திருப்புங்கள்: எம்பியு6050-இல் கூட்டல்-கழித்தல் 2 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) எல்லையில் முதலில் 16384-ஐ ஒட்டியும் பின் அதன் எதிர்மறையை ஒட்டியும் வர வேண்டும்.

அளவுத்திருத்த மாறிலிகளில் சில குறியுள்ளவை, சில குறியற்றவை. ஒன்றை மாற்றி எடுத்தாலும் அறை வெப்பத்தில் ஓரளவு சரியாகவும் மற்ற இடங்களில் கோணலாகவும் வரும். பிஎம்இ280-இல் வெப்பக் கணக்கை முதலில் முடிக்க வேண்டும். அழுத்தமும் ஈரப்பதமும் அதன் இடைநிலை விடையைப் பயன்படுத்துகின்றன. டேட்டாஷீட்டில் மாதிரிக் கணக்கு இருந்தால் அதே உள்ளீட்டைக் கொடுத்து அதே விடை வருகிறதா என்று கணினியிலேயே சோதித்துவிடுங்கள், சென்சார் தேவையில்லை.

இன்டரப்டும் பகிர்ந்த மாறியும்

8 பிட் சிப்பில் 16 பிட் மாறியை இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) எழுதுகிறது, முதன்மை நிரல் படிக்கிறது. மதிப்பு 255-இலிருந்து 256-க்குப் போகும் கணத்தில் படித்தால், கீழ் பைட் பழையதாகவும் மேல் பைட் புதியதாகவும் சேர்ந்து 511 ஆகும். மறுவிதமாகச் சேர்ந்தால் 0. மாறியை வாலடைல் என்று அறிவித்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது கம்பைலரை ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்து படிக்கச் சொல்லும், அவ்வளவுதான். இரண்டு பைட்களையும் ஒரே மூச்சில் படிக்கச் செய்யாது. படிக்கும் அந்தச் சில வரிகளுக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்தி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 32 பிட் சிப்பிலும் மூன்று அச்சு மதிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது இதே சிக்கல் வரும்: இரண்டு அச்சு பழைய அளவீட்டிலிருந்தும் ஒன்று புதியதிலிருந்தும்.

லினக்ஸில் டிரைவர் எழுதினால்

ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் லினக்ஸ் கர்னல் தரும் ரெக்மேப் வசதியில் தற்காலிகச் சேமிப்பை இயக்கிவிட்டு, அளவீட்டு ரெஜிஸ்டர்கள் தாமாக மாறக்கூடியவை என்று அறிவிக்க மறந்தால், முதலில் படித்த மதிப்பே எப்போதும் வரும். உறைந்துபோன அளவீட்டுக்கு லினக்ஸில் நான் முதலில் தேடும் காரணம் இது. ஐ2சி-யை ஒட்டிய எஸ்எம்பஸ் முறையில் 16 பிட் சொல்லைப் படிக்கும்போது கீழ் பைட் முதலில் வருவதாக வைத்துக்கொள்ளப்படும்; பல வெப்ப சென்சார்கள் மேல் பைட்டை முதலில் அனுப்புகின்றன. அதற்கென்றே பைட்களை மாற்றிப் படிக்கும் தனிச் சார்பு உண்டு. சென்சார்களுக்கான லினக்ஸின் ஐஐஓ அமைப்பில் மூல மதிப்போடு ஆஃப்செட்டைக் கூட்டி, பிறகு ஸ்கேலால் பெருக்க வேண்டும். விடை மில்லிடிகிரியில் வரும். 27 டிகிரிக்கு 27000 வந்தால் அது பிழை இல்லை.

இப்போது வடிகட்டி

மேலே உள்ள எல்லாவற்றையும் கடந்தபின் மிச்சமிருப்பது உண்மையான இரைச்சல். 16 அளவீடுகளின் சராசரி சீரற்ற இரைச்சலை நான்கில் ஒரு பங்காக்கும். மேலும் பாதியாக்க 64 வேண்டும். எப்போதாவது வரும் ஒற்றைக் கூர்முனைக்குச் சராசரி ஏற்றதல்ல. ஐந்து அளவீடுகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். மின்கம்பிகளின் ரீங்காரம் கலந்திருந்தால் சரியாக 100 மில்லிநொடி நீளத்துக்குச் சராசரி எடுங்கள்: 50 ஹெர்ட்ஸின் ஐந்து சுழற்சிகளும் 60 ஹெர்ட்ஸின் ஆறு சுழற்சிகளும் அதில் முழுமையாக அடங்குவதால் இரண்டும் நீங்கிவிடும்.

சரிபார்ப்பில் தோற்ற அளவீடு வடிகட்டிக்குள் போகவே கூடாது. டிரைவர் அதற்குப் பதிலாக 0 தருவதும், பழைய மதிப்பைப் புதியதுபோலத் தருவதும் மேலே இருப்பவரை ஏமாற்றுவது. 0 டிகிரி என்பது உண்மையான வெப்பமும்கூட. பிழைக் குறியீட்டைத் திருப்புங்கள். மறுமுயற்சி மூன்றோடு நிற்கட்டும். பழைய மதிப்பைத் தர வேண்டிய கட்டாயம் இருந்தால் அதை அளந்த நேரத்தையும் சேர்த்துத் தாருங்கள்.

டிரைவருக்குள் நான்கு எண்ணிகளை வைத்து வெளியிலிருந்து படிக்கும்படி செய்யுங்கள்: சிஆர்சி தோல்வி, நேர எல்லை கடந்தது, மறுமுயற்சி, பஸ் மீட்பு. திருத்தம் செய்தபின் சாதனத்தை மோட்டாரோடும் ரேடியோவோடும் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் அளவீட்டைப் பார்க்கும் முன் இந்த எண்ணிகளைப் பாருங்கள். சிஆர்சி தோல்வி மட்டும் கூடியிருந்தால் கம்பிக்கும் புல்-அப்புக்கும் திரும்புங்கள். நேர எல்லை கூடியிருந்தால் காத்திருக்கும் நேரத்தையும் மின்வழங்கியையும் பாருங்கள். நான்கும் பூஜ்ஜியமாக இருந்து அளவீடு இன்னும் தவறினால், பைட்கள் நல்லபடியாகவே வந்து சேர்கின்றன. தேட வேண்டியது கணக்கிலும் பகிர்ந்த மாறியிலும்தான்.